பாடியவர், திரட்டியவர், பதிப்பித்தவர்: கல்கத்தாப் பல்கலைக்கழகமும் வங்க நாட்டார் வழக்காற்று ஆய்வும்

முன்னுரை

நாட்டார் வழக்காறுகளைப் பல்கலைக்கழகம் ஒன்று பாடமாக ஏற்றுக்கொள்ளும்பொழுது, எழுதப்படாத ஒன்றை எழுத்தாக்கும் பொறுப்பையும் அது உடன் ஏற்கிறது. பாடுவோர் நாவில் ஒவ்வொரு முறையும் சற்றே வேறுபட்டு ஒலிப்பதை ஏதேனும் ஒரு வடிவில் நிறுத்தி, அச்சிட்டு, மாணவர் கையில் தரவேண்டியுள்ளது. அவ்வாறு தரப்பெற்ற பனுவல் யாருடைய சொல் என்னும் வினா அப்பொழுது எழுகிறது. பாடியவருடையதா, கேட்டு எழுதியவருடையதா, ஒழுங்கு செய்து பதிப்பித்தவருடையதா என்பதை வரையறுக்காமல், அப்பனுவலைக் கொண்டு மொழியியலாரோ மொழிபெயர்ப்பாளரோ உறுதியான முடிவு எதையும் கூறுதல் அரிது.

இந்தியப் பல்கலைக்கழகங்களுள் இவ்வினாவை மிக முன்னதாக எதிர்கொண்டது 1857இல் நிறுவப்பெற்ற கல்கத்தாப் பல்கலைக்கழகம் ஆகும். நகரின் பெயர் 2001இல் கொல்கத்தா என மாறிய பின்னரும் பல்கலைக்கழகம் பழைய பெயராலேயே வழங்குகிறது. 1923இல் அது வெளியிட்ட 'மைமன்சிங்க கீதிகா' என்னும் கதைப்பாடல் தொகுப்பும், அதன் நம்பகத்தன்மை குறித்து எழுந்த நெடிய விவாதமும், நாட்டார் வழக்காறு கல்விப்புலத்துள் நுழைந்த வரலாற்றின் முதன்மையான பகுதியாக அமைகின்றன. அவ்வரலாற்றை நிரல்படத் தொகுத்து, தமிழ்ச் சூழலோடு ஒப்பிட்டு, மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் அதிலிருந்து பெறத்தக்கவற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

பல்கலைக்கழகத்திற்கு முந்தைய நிலை

வங்காளத்தில் நாட்டார் வழக்காறுகளைத் திரட்டும் பணி ஆட்சி அலுவலர், கிறித்தவ அறிஞர், இலக்கிய அன்பர் ஆகியோரால் தொடங்கப்பெற்றது. இரங்கப்பூர்ப் பகுதியில் உழவர் பாடிவந்த மாணிக்கச்சந்திரன் கதைப்பாடலை ஜார்ஜ் கிரியர்சன் 1878இல் வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் மூலமும் மொழிபெயர்ப்புமாக வெளியிட்டார். பின்னாளில் இந்திய மொழிகளின் அளவீட்டை நடத்திய கிரியர்சனுக்கு அப்பாடல் கிளைமொழிச் சான்றாகவும் விளங்கியது. 1883இல் லால் பிகாரி தே வங்காள நாட்டுப்புறக் கதைகளை ஆங்கிலத்தில் நூலாக்கினார். அதில் வங்க மூலம் இடம்பெறவில்லை. கதை சொன்னோரின் மொழி ஆங்கிலத்துள் மறைந்துபோயிற்று.

இப்போக்கிற்கு மாறான கொள்கையை வகுத்தவர் இரவீந்திரநாத தாகூர். பெண்கள் குழந்தைகளுக்குப் பாடும் 'சடா' என்னும் சிறு பாடல்களை அவர் திரட்டி, 1894ஆம் ஆண்டினை ஒட்டிக் கட்டுரையாகவும் தொகுப்பாகவும் வெளியிட்டார். தொகுப்பு வெளிவந்த இடம் வங்கீய சாகித்திய பரிஷத்தின் ஆய்விதழ் ஆகும். ஒரே பாடலுக்குப் பல பாடங்கள் கிடைக்குமாயின் அவற்றுள் எதனையும் தள்ளிவிடலாகாது என்பது அவர் அங்கு முன்வைத்த கருத்து. மூலபாடம் எதுவெனத் தீர்மானிக்க இயலாத இடத்தில் எல்லாப் பாடங்களையும் காப்பதே முறை என்பது அதன் அடிப்படை. ஏட்டுச்சுவடிப் பதிப்பில் திருந்திய பாடம் ஒன்றைத் தேடும் வழக்கத்தினின்று இது வேறுபட்டது. இத்துறையில் அவர் எழுதியவை 1907இல் 'லோகசாகித்ய' என்னும் நூலாயின.

1905இல் பரிஷத்தின் சார்பில் மாணவர்களிடையே உரையாற்றிய தாகூர், நாட்டின் கிளைமொழிகள், விழாக்கள், நோன்புகள், பாடல்கள் ஆகியவற்றைத் தத்தம் ஊர்களிலிருந்து திரட்டித் தருமாறு வேண்டினார். நூல்வழி மட்டுமே கற்கும் கல்வி மாணவனைத் தன் நாட்டிற்கு அயலானாக்குகிறது என்பது அவர் வாதம். அவ்வாண்டு அக்டோபரில் வங்கப் பிரிவினை நடைமுறைக்கு வந்தது. அதனை எதிர்த்த சுதேசி இயக்கம் கிராமப் பண்பாட்டின்பால் நகரத்தாரின் நோக்கைத் திருப்பியது. தட்சிணாரஞ்சன் மித்ர மஜும்தாரின் 'தாகுர்மார் ஜூலி' (பாட்டியின் பை) என்னும் கதைத் தொகுப்பு 1907இல் தாகூரின் முன்னுரையோடு வெளிவந்து பெரும் வரவேற்பைப் பெற்றது இச்சூழலிலேயே ஆகும்.

தாய்மொழிப் பட்டப்படிப்பும் தினேஷ் சந்திர சென்னும்

1906 முதல் 1914 வரையிலும், மீண்டும் 1921 முதல் 1923 வரையிலும் துணைவேந்தராக விளங்கிய ஆசுதோஷ் முகர்ஜி, தேர்வு நடத்தும் அமைப்பாக இருந்த பல்கலைக்கழகத்தை முதுநிலைக் கல்வியும் ஆய்வும் நிகழும் இடமாக மாற்றினார். 1919இல் இந்தியத் தாய்மொழிகளில் முதுகலைப் படிப்பு தொடங்கப்பெற்றது. ஆங்கிலமும் வடமொழி போன்ற செவ்வியல் மொழிகளுமே உயர்கல்விக்குரியன என்றிருந்த காலத்தில், பேச்சுமொழியாக மதிக்கப்பட்ட ஒன்றைப் பட்டத்திற்குரிய பாடமாக்கியது இம்மாற்றம். மானிடவியல் துறையும் இதனை அடுத்து 1920இல் தோன்றியது.

தாய்மொழிக்கு உயர்கல்வியில் இடம் தேட முற்பட்டவர்க்கு ஒரு நடைமுறைத் தேவையும் இருந்தது. பட்டப்படிப்பிற்கு ஏற்ற பழமையும் அளவும் கொண்ட பனுவல்கள் வங்க மொழியில் உள்ளனவா என்று ஐயுற்றோர் பலர். ஹரப்பிரசாத் சாஸ்திரி நேபாளத்தில் 1907இல் கண்டறிந்த சரியா பாடல்களை 1916இல் பதிப்பித்தது இவ்வையத்திற்கு ஒரு விடையாக அமைந்தது. மற்றொரு விடையைத் தினேஷ் சந்திர சென் (1866–1939) கிராமங்களில் தேடினார்.

டாக்கா மாவட்டத்தில் பிறந்த சென், குமில்லாவில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தபொழுது சிற்றூர்தோறும் சென்று சுவடிகளைத் திரட்டி, 1896இல் 'வங்கபாஷா ஓ சாகித்ய' என்னும் இலக்கிய வரலாற்றை எழுதினார். கல்கத்தாப் பல்கலைக்கழகம் அவரை உரையாளராகவும், 1913இல் ராம்தனு லாஹிரி ஆய்வாளராகவும் அமர்த்தியது. அப்பொறுப்பில் 1917இல் அவர் ஆற்றிய உரைகள் 1920இல் வங்க நாட்டார் இலக்கியம் பற்றிய ஆங்கில நூலாக வெளிவந்தன. நாட்டார் கதைகள் ஒரு பல்கலைக்கழகத்தின் முறையான உரைப்பொருளாக அமைந்தமைக்கு அந்நூல் தெளிவான சான்று. 1920 முதல் 1932 வரை அவர் வங்கத் துறையின் தலைவராக விளங்கினார்.

சந்திரகுமார் தேயும் மைமன்சிங்கப் பாடல்களும்

மைமன்சிங் நகரிலிருந்து கேதார்நாத் மஜும்தார் நடத்திவந்த 'சௌரப்' என்னும் இதழில், 1913இல் சந்திராவதி என்னும் பழம் பெண்பாற்புலவர் பற்றிய கட்டுரை ஒன்று வெளிவந்தது. அதனை எழுதியவர் சந்திரகுமார் தே (1889–1946). நேத்ரகோனாப் பகுதியைச் சேர்ந்த ஐத்தர் என்னும் சிற்றூரில் பிறந்த அவர் பள்ளிக் கல்வியை முறையாகப் பெறாதவர். மளிகைக் கடையிலும் பின்னர் வரி தண்டும் எழுத்தராகவும் மிகக் குறைந்த ஊதியத்திற்குப் பணியாற்றியவர். வரி தண்ட ஊர் ஊராகச் செல்லும்பொழுது உழவர் பாடும் நெடும் பாடல்களைக் கேட்டு, அவற்றைக் குறித்துவைக்கும் வழக்கத்தை அவர் மேற்கொண்டார்.

கட்டுரையைக் கண்ட சென், தேயைத் தேடிக் கண்டறிந்து, பல்கலைக்கழகத்தின் ஊதியம் பெறும் திரட்டாளராக அமர்த்தச் செய்தார். ஆசுதோஷ் முகர்ஜியின் ஆதரவு இதற்குத் துணைநின்றது. முறையான பட்டம் எதுவும் இல்லாத ஒருவரைப் பல்கலைக்கழகம் ஆய்வுப்பணிக்கு அமர்த்தியமை அக்காலத்திற்கு அரிய நிகழ்வாகும். தே பாடகர்களைத் தேடிச் சென்று, ஒருவரிடம் ஒரு பகுதியும் மற்றொருவரிடம் வேறொரு பகுதியுமாகக் கேட்டெழுதிக் கல்கத்தாவிற்கு அனுப்பினார். அங்குச் சென் அவற்றை ஒழுங்கு செய்து, பகுதிகளாகப் பிரித்து, அருஞ்சொற்களுக்குக் குறிப்பெழுதி, ஆங்கிலத்திலும் பெயர்த்தார்.

இவ்வாறு உருவான 'மைமன்சிங்க கீதிகா' 1923இல் வெளிவந்தது. மகுவா, மலுவா, சந்திராவதி, கமலா, தேவான் பாவனா, கொள்ளைக்காரன் கேனாராம், ரூபவதி, கங்கனும் லீலாவும், காஜல்ரேகா, தேவானா மதீனா எனப் பத்துக் கதைப்பாடல்கள் அதில் அடங்கின. வங்க மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் தனித்தனிப் பகுதிகளாக அச்சிடப்பெற்றன. தொடர்ந்து 'பூர்வபங்க கீதிகா' என்னும் பெயரில் வேறு மாவட்டப் பாடல்களும் சேர்ந்து 1926, 1928, 1932ஆம் ஆண்டுகளில் மூன்று தொகுதிகள் வந்தன. சட்டகிராமப் பகுதியில் ஆசுதோஷ் சௌதுரி போன்றோர் திரட்டினர். கவிஞர் ஜசீமுத்தீன் (1903–1976) 1930களில் சென்னின் கீழ் ஆய்வுத் துணைவராகப் பணியாற்றினார். அவருடைய சொந்தக் காவியமான 'நக்ஷி காந்தார் மாட்' (1929) கிழக்கு வங்க உழவர் பாடல் மரபிலிருந்தே உருப்பெற்றது.

இக்கதைப்பாடல்களின் உலகம் அன்றைய கல்கத்தா வாசகர்க்குப் புதியது. நாடோடித் தலைவன் திருடிச் சென்று வளர்த்த மகுவா, தான் காதலித்தவனைக் கொல்ல மறுத்துத் தன்னுயிரை மாய்த்துக்கொள்கிறாள். உழவர் குடியைச் சேர்ந்த முஸ்லிம் பெண்ணான மதீனா, தன்னைக் கைவிட்ட கணவனை எதிர்நோக்கியே உயிர் விடுகிறாள். கடவுளரின் புகழைப் பாடும் மங்கல காவியங்களின் சாயல் இவற்றில் குறைவு. தாமே துணையைத் தேர்ந்து, அதன் விளைவை ஏற்கும் பெண்களே இவற்றின் தலைமக்கள். இந்துப் பாடகரும் முஸ்லிம் பாடகரும் இவ்விருவகைக் கதைகளையும் பொதுவாகப் பாடிவந்தனர். ஆங்கில மொழிபெயர்ப்பின் வழி இவற்றை அறிந்த ரோமன் ரோலண்ட் முதலிய ஐரோப்பிய எழுத்தாளரும் பாராட்டினர்.

'பாலா' என்பது 'கீதிகா' ஆனமை

பாடகரும் கேட்போரும் இப்பாடல்களைப் 'பாலா' அல்லது 'பாலா கான்' என்றே வழங்கினர். தலைமைப் பாடகர் கதையைப் பாட, பின்பாட்டுக்காரர் அடிகளைத் திருப்பிப் பாட, இடையிடையே உரையும் நடிப்பும் கலந்து இரவு முழுதும் நிகழ்த்தப்பெறும் கலைவடிவம் அது. ஆங்கிலத்தில் 'பாலட்' எனப்படும் கதைப்பாடல் வகைக்கு நிகராகச் சென் 'கீதிகா' என்னும் சொல்லை வழங்கினார். பெயர் மாறிய அளவில் பொருளும் ஒருவாறு மாறியது. நிகழ்த்துகலை ஒன்று இலக்கிய வகையாயிற்று. திரும்பத் திரும்ப வரும் அடிகளும் கேட்போரின் பங்கும் அச்சில் இடம் இழந்தன. மகுவாப் பாடலைப் பதிப்பாசிரியர் 24 பகுதிகளாகப் பிரித்தமை, ஆங்கிலக் காவிய நூல்களின் அமைப்பை நினைவூட்டுகிறது.

மொழியளவிலும் இத்தகைய இழப்பு உண்டு. கிழக்கு வங்கக் கிளைமொழிகளில், பொதுவழக்கில் அண்ணத்தில் ஒலிக்கும் 'ச', 'ஜ' ஆகியன பல்லிடத்து ஒலிகளாகத் திரிகின்றன. மூச்சொலிகள் தம் இயல்பை இழக்கின்றன. வங்க எழுத்துமுறை இவ்வேறுபாடுகளைக் காட்டுவதில்லை. ஆகவே, அச்சுப்படியைக் காண்பவர்க்குச் சொல்லும் விகுதியும் கிளைமொழியாகத் தோன்றினாலும், ஒலிப்பு பொதுவழக்காகவே தோன்றும். கிரியர்சனின் அளவீட்டில் வங்க மொழிக்குரிய தொகுதி 1903இலும், சுனிதி குமார் சட்டர்ஜியின் வங்கமொழித் தோற்ற வளர்ச்சி பற்றிய பெருநூல் 1926இலும் வெளிவந்தன. ஒரே பல்கலைக்கழகத்தில், ஒரே பத்தாண்டில் கிளைமொழி ஆய்வும் கதைப்பாடல் பதிப்பும் நடைபெற்றிருந்தும், பாடல்களை ஒலியன் அடிப்படையில் எழுதும் முறை மேற்கொள்ளப்படவில்லை. பாடலை இலக்கியமாக நிலைநாட்டுவதே பதிப்பின் நோக்கமாக இருந்ததால், அதனை மொழிச் சான்றாகப் பதிவு செய்யும் நோக்கம் பின்தங்கியது.

நம்பகத்தன்மை பற்றிய விவாதம்

தொகுதிகள் வெளிவந்த பின்னர், அவற்றின் மெய்ம்மை குறித்து ஐயங்கள் எழுந்தன. படிப்பறிவு குன்றிய உழவரிடையே இத்துணைச் செப்பமான கதையமைப்பு இருத்தல் கூடுமா, திரட்டியவரே புனைந்திருப்பாரோ, பதிப்பாசிரியர் மெருகேற்றியிருப்பாரோ என வினவப்பட்டது. பாடல்களின் மொழியில் கிளைமொழி வடிவங்களும் இலக்கிய வழக்கின் வடிவங்களும் விரவி வருவது ஐயுற்றோரின் முதன்மைச் சான்று. சென் சில பாடல்களுக்குக் கூறிய மிகப் பழங்காலமும் ஐயத்தை வளர்த்தது.

இவ்வழக்கை விரிவாக ஆராய்ந்தவர் செக் நாட்டு வங்கமொழி அறிஞர் துசான் ஸ்பாவிதேல் (1925–2012). தமிழாய்வாளர் நன்கறிந்த கமில் சுவலபிலின் காலத்தவரும் அவர் நாட்டவருமாகிய ஸ்பாவிதேலின் ஆய்வு நூலைக் கல்கத்தாப் பல்கலைக்கழகமே 1963இல் வெளியிட்டது. தன் வெளியீட்டின் மெய்ம்மையை ஆராயும் நூலைத் தானே பதிப்பித்தமை அப்பல்கலைக்கழகத்தின் கல்வி நேர்மைக்குச் சான்றாகும். பதிப்பாசிரியரின் கை படிந்திருப்பினும், பாடல்கள் அடிப்படையில் உண்மையான நாட்டார் வழக்காறுகளே என்பது அவருடைய முடிவு. 1970களில் க்ஷிதீஷ் சந்திர மௌலிக் இக்கதைப்பாடல்களை மீண்டும் திரட்டி வேறு பாடங்களோடு ஏழு தொகுதிகளாக வெளியிட்டபொழுது, ஒரே கதை பல வடிவங்களில் வழங்கியமை மேலும் தெளிவாயிற்று.

இவ்விவாதத்தில் இருவேறு வினாக்கள் ஒன்றாகக் குழம்பியுள்ளமை கருதத்தக்கது. கதை மக்களிடையே வழங்கியதா என்பது ஒன்று. அச்சிட்ட அடிகள் பாடகர் பாடிய அடிகள்தாமா என்பது மற்றொன்று. முதலாவதற்கு 'ஆம்' என விடை கூறுவதால் இரண்டாவதற்கும் அவ்விடையே பொருந்திவிடாது. பின்லாந்தில் எலியாஸ் லோன்ரோட் 1835இலும் 1849இலும் வெளியிட்ட 'கலேவலா' இதற்கு நல்ல ஒப்புமை. அதன் அடிகளுட் பெரும்பாலானவை மக்கள் பாடியவை. அவற்றை ஒரே காவியமாகக் கோத்த அமைப்பு லோன்ரோட்டினுடையது. லோன்ரோட்டும் பிறரும் களத்தில் எழுதிய பாடங்கள் பின்னர் தனியே அச்சிடப்பெற்றமையால், எது மக்களுடையது, எது தொகுத்தவருடையது என்பதைப் பின்லாந்து அறிஞர் பிரித்தறிய முடிந்தது. மைமன்சிங்கப் பாடல்களைப் பொறுத்தவரை, பாடகர் வாரியான பாடங்கள் அடுத்தடுத்து அச்சேறியிருப்பின் விவாதத்தின் பெரும்பகுதி எழுந்தே இராது. எல்லாப் பாடங்களையும் காக்கவேண்டும் என்று தாகூர் 1890களில் கூறிய முறை, அதே நகரில் முப்பதாண்டுகளுக்குள் கைவிடப்பட்டது என்றே கொள்ளவேண்டும்.

மொழி விரவி வருவதைக் கொண்டு புனைவு எனத் துணிவதும் பொருந்தாது. நாட்டார் பாடகர் தம் அன்றாடப் பேச்சை அப்படியே பாடலில் வழங்குவதில்லை. தமிழகத்தில் வில்லுப்பாட்டுக் கலைஞர் வட்டாரச் சொற்களோடு செய்யுள் வழக்கின் வினைமுற்றுகளையும் புராணத் தொடர்களையும் இயல்பாகக் கலந்து பாடுகின்றனர். பாடலுக்கென ஒரு மொழிநடை வாய்மொழி மரபிலும் உண்டு. ஆகவே கலப்புநடை, பதிப்பாசிரியரின் திருத்தத்தைக் காட்டலாம்; பாடகரின் உயர்நடையையும் காட்டலாம். எது என்பதைக் களப்பதிவு மட்டுமே தீர்க்கும்.

சந்திராவதி இராமாயணம்

இவ்வையத்தின் விளைவு எத்தகையது என்பதற்குச் சந்திராவதியின் இராமாயணம் சான்று. கிஷோர்கஞ்சுப் பகுதியில் வாழ்ந்தவரும், மனசா காவியம் பாடிய துவிஜ வம்சிதாசரின் மகளுமான சந்திராவதியின் பெயரால் வழங்கிய இவ்வாய்மொழி இராமாயணம் 1932ஆம் ஆண்டுத் தொகுதியில் இடம்பெற்றது. போர் நிகழ்ச்சிகள் சுருங்க, சீதையின் பிறப்பும் துயரும் விரிந்து நிற்பது இதன் தனித்தன்மை. மைக்கேல் மதுசூதன தத்தரின் 'மேகநாதவத காவியம்' (1861) என்னும் நூலில் சீதையும் சரமையும் உரையாடும் பகுதியோடு இதற்கு ஒற்றுமை உண்டு. மதுசூதனர் சந்திராவதியின் பாடலைக் கேட்டிருக்கக்கூடும் என்று சென் கருதினார். ஐயுற்றோர்க்கு அதே ஒற்றுமை, பாடல் பிற்காலப் புனைவு என்பதற்குச் சான்றாயிற்று. களப்பதிவு இல்லாதவிடத்து ஒரே சான்று எதிரெதிரான இரண்டு முடிவுகளுக்கும் இடந்தருகிறது.

நெடுங்காலம் இலக்கிய வரலாறுகள் இந்நூலைப் பொருட்படுத்தவில்லை. யாதவபூர்ப் பல்கலைக்கழகத்தின் ஒப்பிலக்கியத் துறைப் பேராசிரியராக விளங்கிய நவனீதா தேவ் சென் (1938–2019) இதனைப் பெண்களின் இராமாயண மரபில் வைத்து ஆராய்ந்து, ஆங்கிலத்திலும் பெயர்த்தார். முழுமையற்றது, கலப்படமானது என்று தள்ளப்பட்ட பாடல், பெண் ஒருத்தியின் நோக்கில் கதையை மாற்றிச் சொல்லும் படைப்பாக மதிக்கப்பெற்றது. மெய்ம்மை பற்றிய தீர்ப்பு, எந்தக் குரல் இலக்கிய வரலாற்றில் கேட்கப்படும் என்பதையும் தீர்மானிக்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எல்லைகள் மாறிய பின்

1947இல் நாடு பிரிந்தபொழுது மைமன்சிங் கிழக்குப் பாகிஸ்தானைச் சேர்ந்தது. இன்று வங்கதேசத்தில் உள்ளது. கல்கத்தாப் பல்கலைக்கழகம் தன் புகழ்பெற்ற தொகுப்பின் களத்தை இழந்தது. பாடகர் ஓரிடத்திலும் பனுவல் வேறிடத்திலுமாகப் பிரிந்தனர். டாக்காவில் 1955இல் நிறுவப்பெற்ற வங்க அகாதெமி, ஊதியம் பெறும் திரட்டாளர்களைக் கொண்டு கிழக்கு வங்க வழக்காறுகளைத் திரட்டும் பணியை மேற்கொண்டது.

கல்கத்தாவில் இத்துறையைப் புதிய நிலைக்குக் கொண்டுவந்தவர் ஆசுதோஷ் பட்டாச்சாரியர் (1909–1984). டாக்காப் பல்கலைக்கழகத்தில் பயின்று அங்கேயே ஆசிரியராக இருந்த அவர், பிரிவினைக்குப் பின் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1954இல் முதன்முதலாக வெளிவந்த அவருடைய 'பாங்லார் லோகசாகித்ய' பின்னர்ப் பல தொகுதிகளாக விரிந்து, பாடல், கதை, விடுகதை, பழமொழி என்னும் வகைமை வாரியாகப் பொருளை அமைத்தது. 1956 நவம்பரில் புருலியா மாவட்டம் பீகாரிலிருந்து மேற்கு வங்கத்தில் இணைந்தது. பட்டாச்சாரியரின் களப்பணி அப்பகுதியின்பால் திரும்பி, அங்கு வழங்கிய முகமூடி ஆட்டமான 'சௌ' கல்வியுலகின் கவனத்திற்கு வந்தது. 1972இல் அக்கலைஞர் குழு ஐரோப்பாவிற்கும் சென்றது. சௌ ஆட்டம் 2010இல் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. கிழக்கே இழந்த களத்திற்கு ஈடாக மேற்கே ஒரு களம் கிடைத்தது எனலாம். ஆய்வாளர் நாடும் களம் அறிவுத்தேவையால் மட்டுமின்றி, அரசியல் எல்லைகளாலும் வரையறுக்கப்படுகிறது என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.

பெயரும் துறையும்

1846இல் வில்லியம் தாம்ஸ் ஆங்கிலத்தில் உருவாக்கிய 'போக்லோர்' என்னும் சொல்லுக்கு வங்கமொழியில் ஒரே நிகர்ச்சொல் நிலைபெறவில்லை. லோகசாகித்ய, லோகயான், லோகசுருதி, லோகசம்ஸ்கிருதி எனப் பல சொற்கள் வழங்கின. ஒவ்வொன்றும் துறையின் எல்லையை வெவ்வேறாக வரையறுக்கிறது. முதற்சொல் இலக்கியத்தோடு நிற்கிறது. 'சுருதி' கேள்விவழி வருவதைச் சுட்டுகிறது. 'சம்ஸ்கிருதி' கைவினை, விழா, ஆட்டம் அனைத்தையும் அடக்குகிறது. தமிழில் 'நாட்டுப்புறவியல்' என்றும் 'நாட்டார் வழக்காற்றியல்' என்றும் இரு பெயர்கள் நிலவுவது இதனோடு ஒப்பிடத்தக்கது. முன்னது இடத்தையும், பின்னது மக்களையும் வழக்காற்றையும் முதன்மைப்படுத்துகிறது.

கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் நாட்டார் வழக்காறு நெடுங்காலம் வங்க இலக்கியத் துறையின் ஒரு பகுதியாகவே கற்பிக்கப்பெற்றது. பொருள்சார் பண்பாடு 1937இல் தொடங்கப்பெற்ற ஆசுதோஷ் அருங்காட்சியகத்திலும், சடங்கும் சமூக அமைப்பும் மானிடவியல் துறையிலும் ஆராயப்பெற்றன. ஒரே நிகழ்த்துதலின் சொல் ஒரு துறைக்கும், முகமூடி மற்றொரு துறைக்கும், சடங்கு வேறொரு துறைக்கும் உரியதாகப் பிரிந்தது. இவற்றை ஒன்றுசேர்க்கும் தனித் துறை, 1990இல் கொல்கத்தாவிற்கு வடக்கேயுள்ள கல்யாணிப் பல்கலைக்கழகத்தில் தோன்றியது. வங்கதேசத்தில் இராஜசாஹிப் பல்கலைக்கழகம் 1998இல் இத்தகைய துறையை அமைத்தது.

தமிழ்ச் சூழலோடு ஒப்பீடு

தமிழகத்திலும் திரட்டும் பணி ஆங்கில அலுவலரோடு தொடங்கியது. சார்லஸ் கோவர் 1871இல் தென்னிந்திய நாட்டுப் பாடல்களை ஆங்கிலத்தில் வெளியிட்டார். பெர்சி மக்வீன் திரட்டிய பாடல்கள் கி. வா. ஜகந்நாதனால் பதிப்பிக்கப்பெற்று 1958இல் 'மலையருவி' என வந்தன. பல்கலைக்கழக வெளியீடு என்னும் நிலையில் மைமன்சிங்கத் தொகுப்போடு ஒப்பிடத்தக்கவை, நா. வானமாமலை (1917–1980) பதிப்பிக்க மதுரைப் பல்கலைக்கழகம் 1970களின் தொடக்கத்தில் வெளியிட்ட கதைப்பாடல்கள் ஆகும். கட்டபொம்மு கதைப்பாடல், கான்சாகிபு சண்டை, முத்துப்பட்டன் கதை முதலியன அவ்வரிசையில் வந்தன.

முத்துப்பட்டன் கதை பாடவேறுபாட்டின் சமூகப் பொருளைக் காட்டுகிறது. அந்தணனாகிய முத்துப்பட்டன் சக்கிலியர் குலப் பெண்களான பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணந்து, அவர்தம் தந்தையின் தொழிலையும் ஏற்கிறான். அப்பெண்கள் பிறப்பால் அந்தணர் என்றும், சக்கிலியரால் வளர்க்கப்பட்டவர் என்றும் கூறும் பாடமும் உண்டு. இது சாதிக் கலப்பை ஏற்க மனமில்லாதோர் பிற்காலத்தில் சேர்த்த இடைச்செருகல் என வானமாமலை விளக்கினார். அந்தணர் வீட்டில் பிறந்து நாடோடியரால் வளர்க்கப்பட்ட மகுவாவின் கதையும் இதனோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்கது. இடைச்செருகல் எனத் தள்ளப்படும் பகுதியும் ஒரு சமூகத்தின் குரலே ஆதலால், அதனை நீக்கிவிட்டுப் பதிப்பிப்பது வரலாற்றுச் சான்று ஒன்றை அழிப்பதாகும். அடையாளமிட்டுப் பதிப்பிப்பதே முறை.

1981இல் தஞ்சாவூரில் நிறுவப்பெற்ற தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாட்டுப்புறவியலுக்குத் தனித் துறை அமைந்தது. பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியும் இத்துறையில் பட்டப்படிப்பும் ஆய்வும் நடத்தியது. ஒலிப்பதிவுக் கருவி பரவிய காலத்தில் இவை தோன்றியமையால், தினேஷ் சந்திர சென்னுக்குக் கிட்டாத வசதி இவற்றிற்குக் கிடைத்தது. ஆயினும் ஒலிநாடாவிலிருந்து எழுத்திற்கு மாற்றும்பொழுது வட்டார வழக்கைத் திருத்தும் பழக்கம் கருவியால் மட்டும் நீங்கிவிடுவதில்லை.

முடிவுரை

மைமன்சிங்கத் தொகுப்பின் நூல்முகப்பில் காணப்படுவது பதிப்பாசிரியரின் பெயர். ஆயினும் சந்திரகுமார் தேயின் வறுமையையும் உழைப்பையும் உலகறியச் செய்ததும் அதே பதிப்பாசிரியரின் முன்னுரைதான். பாடியோருள் பலருடைய பெயர்களோ அடிக்கு அடி இணைத்துக் குறிக்கப்பெறவில்லை. பல்கலைக்கழகம் திரட்டியவர்க்கு ஊதியம் அளித்தது, பதிப்பித்தவர்க்குப் புகழ் அளித்தது, மொழிக்குப் பட்டப்படிப்பில் இடம் அளித்தது. பாடியவர் சான்றாக மட்டுமே நின்றார். 1923இல் இப்பாடல்கள் அச்சேறாதிருப்பின் அவற்றுட் பல இன்று கிடைத்திரா என்பதும் மறுக்கவியலாத உண்மை.

நூறாண்டு கடந்துவிட்ட இத்தொகுப்பை இன்று பயன்படுத்துவோர் கடைப்பிடிக்க வேண்டியன சில உள. கிளைமொழி ஆய்வாளர் அதன் சொல்லாட்சியைச் சான்றாகக் கொள்ளலாம். ஒலியமைப்பிற்கு அதனை மட்டும் நம்பலாகாது. மொழிபெயர்ப்பாளர் சென்னின் ஆங்கில உரைநடையிலிருந்து பெயர்க்காமல் வங்க மூலத்திற்குச் செல்லவேண்டும். மௌலிக் வெளியிட்ட பாடங்களையும் ஒப்பிடவேண்டும். 'பாலா'வின் நிகழ்த்துமுறையை முன்னுரையிலேனும் விளக்கவேண்டும். தமிழில் இவற்றைப் பெயர்ப்போர்க்குக் கதைப்பாடல் மரபின் நடை கைகொடுக்கும். புதிதாகத் திரட்டுவோர், பாடியவர் பெயர், ஊர், நாள் ஆகியவற்றை ஒவ்வொரு பாடத்தோடும் குறித்து, கேட்டவாறு எழுதிய படியையும் திருத்திய படியையும் தனித்தனியே வைப்பாராயின், மைமன்சிங்கப் பாடல்களைச் சூழ்ந்த ஐயம் பிற வழக்காறுகளைச் சூழாது.